ஆறாத கஞ்சி

இந்தச் சந்தில் ஒரு ஆட்டோ திரும்பினால் அது யார் வீட்டுக்கு வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். நீ வந்த வண்டி பாறசாலை ஸ்டாண்டு வண்டி இல்லை, நெய்யாற்றின்கரை வண்டி. ஓட்டியவன் புதியவன், மேட்டில் ஏறும்போது கியரை மாற்றத் தெரியாமல் உறும விட்டான். உட்கார் மகளே. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்கார்.

மெடிக்கல் காலேஜில் இருந்து கணக்கெடுப்புக்கு ஒரு பெண்பிள்ளை வந்திருக்கிறது என்பது நீ வேதமாணிக்கம் சார் வீட்டுப் படியை இறங்கும் முன்னே என் காதுக்கு வந்துவிட்டது. வயிற்றுக்குள்ளே கணையம் என்று ஒன்று இருக்கிறது, கொழுப்பைச் செரிக்க வைக்கிற நீர் அதில் சுரக்கிறது, நம் பக்கத்தில் சிலருக்கு அது வற்றிப்போகிறது, ஏன் என்று கண்டுபிடிக்க வீடு வீடாக ஏறி இறங்குகிறாய். மரச்சீனிக் கிழங்கு தின்பதாலா, குடியாலா, பித்தப்பைக் கல்லாலா, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று அச்சடித்த தாளில் கேள்விகள் வைத்திருக்கிறாய். வேதமாணிக்கம் சார் தனக்கு மரச்சீனியே ஆகாது என்று சொல்லியிருப்பார். நேற்று மத்தியானம் அவர் வீட்டில் மரச்சீனியும் சாளை மீனும்தான். அதை நீ எழுதவேண்டாம், சும்மா சொல்கிறேன்.

சோமன் பெயருக்கு நேராக 'குடி உண்டு' என்று எழுதி வைத்திருக்கிறாய். தாள் தலைகீழாக இருந்தாலும் எனக்கு வாசிக்க வரும், பழக்கம்தான். அப்படியானால் காட்டாக்கடையில் அவன் பெண்டாட்டி ஸ்ரீகுமாரியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய். அவள் பொய் சொல்லவில்லை. நம்புவதைச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அது தப்பு. சோமன் குடித்தவன் இல்லை. அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். வரிசையாகவே சொல்கிறேன், இடையில் எழுந்துவிடாதே.

என்னைப் பற்றி இந்தச் சந்தில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். புஷ்பபாயிடம் ஒன்றைச் சொன்னால் கோயில் மைக்கில் சொன்ன மாதிரி என்பார்கள். இருக்கட்டும். இருபத்தேழு வருஷம் பால்வாடியில் ஆயாவாக இருந்தேன். முப்பது பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு என் கதையைக் கேட்கும். ஓய்வு பெற்ற பிறகு குழாயடியில் நின்று சொன்னேன். பெண்கள் பாதிக் கதையில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிடுவார்கள். "அடுப்புல பாலு கெடக்கு மாமி, பின்ன வாறேன்" என்பார்கள். இந்தச் சந்தில் பால் வாங்குகிறது மொத்தம் இரண்டு வீடு. மிச்சப் பேர் எந்தப் பாலை அடுப்பில் வைத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. கல்யாணம் காட்சி எனக்கு ஆகவில்லை. தம்பி பம்பாயில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு கார்டு போடுவான்.

சோமன் வீடு என் வேலிக்கு அந்தப் பக்கம். பாறசாலை ரயில் நிலையத்து ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினான். ஸ்ரீகுமாரிக்கு அண்டியாபீஸில் வேலை, முந்திரிக் கொட்டை உடைக்கிற இடத்தைத்தான் சொல்கிறேன். விடிகிறதற்குள் போனால் விளக்கு வைக்கும்போது வருவாள். பிள்ளை இல்லை. இரண்டு பேரும் சண்டை போட்டு நான் கேட்டதில்லை, இத்தனைக்கும் நான் கேட்கும் தூரத்தில்தான் எப்போதும் இருந்தேன்.

சாராயக் கடைகளை மூடினார்களே, அந்த வருஷம்தான் அவனுக்கு முதல் வலி வந்தது. ஸ்டாண்டில் ஹேண்டில் பாரின் மேலேயே மடிந்து விழுந்துவிட்டான். ஆட்டோக்காரன், முப்பது வயது, வயிற்று வலி. இந்த மூன்றையும் சேர்த்தால் நம் ஆட்களுக்கு வேறு கணக்கு வராது. நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தத்தில் அந்த நீரின் அளவு பல மடங்கு ஏறிக் கிடக்கிறது என்றார் டாக்டர். குடிப்பியா என்று கேட்டார். இல்லை என்றான் சோமன். டாக்டர் சிரித்துவிட்டு வேறு எதையோ எழுதினார். பிறகு மெடிக்கல் காலேஜில்தான் உண்மை தெரிந்தது. படம் எடுத்துப் பார்த்தால் கணையத்துக்குள்ளே சுண்ணாம்புத் துண்டு போல கல். குடிக்காதவனுக்கும் ஒல்லியானவனுக்கும் இந்தக் கடற்கரைச் சீமையில் இது வருவதுண்டு, காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று அங்கே ஒரு பெரிய டாக்டர் சொன்னார். முதலில் புண்பட்டு வீங்கும்போது அந்த நீர் ரத்தத்தில் ஏறும், கணையம் தேய்ந்து முடிந்தால் சுரப்பே நின்றுவிடும், ஏறினாலும் கேடு, இறங்கினாலும் கேடு என்றார். உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், நான் எவ்வளவு கவனமாகக் கேட்டேன் என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

அவனுக்கு இறங்கிவிட்டது. மீன் குழம்பும் தேங்காயும் தின்றது உடம்பில் ஒட்டாமல் எண்ணெயாகவே வெளியே போயிற்று. வேலிக்கு அப்பால் இருக்கிறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதே. ஸ்டேஷனில் விளக்கு மின்னுகிற எடை மெஷினில் ஏறி நின்று சீட்டை எடுத்து வந்தான். முப்பத்தொன்பது கிலோ. சீட்டின் பின்பக்கம் 'நல்ல நண்பர்களால் நன்மை உண்டாகும்' என்று இருந்தது.

அதற்குத்தான் அந்தக் கேப்ஸ்யூல். உடம்பில் சுரக்காத நீரை வெளியில் இருந்து கொடுப்பது, சாப்பாட்டோடு சாப்பாடாக. சோமனுக்குக் கேப்ஸ்யூலை விழுங்க வராது, தொண்டையில் பட்டதுமே ஓங்கரிப்பான். ஆஸ்பத்திரியை விட்டு வருகிற அன்று ஸ்ரீகுமாரி சீட்டு வாங்க வரிசையில் நின்றாள். அவன் கட்டிலில் அரைத் தூக்கத்தில் கிடந்தான். நர்ஸ் என்னை அழைத்து, கேப்ஸ்யூலைத் திறந்து பொடியைக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம் என்று காட்டித் தந்தது. "சூடுள்ள ஒண்ணிலயும் இடக்கூடாது சேச்சி. நல்லா ஆறின பெறகு. சூடு தட்டினா இது செத்துப்போகும், பின்னே வெறும் பொடியாக்கும்" என்றது.

நான் தலையாட்டினேன். கேட்டது நான் ஒருத்திதான்.

ஸ்ரீகுமாரி வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. அவர்கள் வீட்டுக் கூரை ஷீட்டு, பகலில் உள்ளே இருந்தால் ஆள் வெந்துவிடுவான். என் வீடு ஓடு. ஆகவே காலையில் அவள் அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து இதோ இந்த முன்னறைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போவாள். கஞ்சியைத் தட்டில் பரத்தி ஊற்றி, பழைய காலண்டர் அட்டையால் விசிறி, விரலின் புறத்தை வைத்துப் பார்த்து, பச்சைத் தண்ணீர் மாதிரி ஆன பிறகுதான் பொடியைத் தூவுவேன். பெற்றவள்கூட அப்படிச் செய்யமாட்டாள். மூன்று மாதம் செய்தேன்.

அந்த மூன்று மாதம் அவன் என் கதையைக் கேட்டான். இதைத்தான் நீ சரியாக எழுதவேண்டும், ஆனால் இதற்கு உன் தாளில் கட்டம் இருக்காது. வேதமாணிக்கம் சார் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீடு மாறிப் போனது, அடுத்த வளைவில் கோழி திருடியவளைக் கோழியே காட்டிக்கொடுத்தது, எல்லாம் சொல்வேன். நிறுத்தினால் "பின்னே?" என்று கேட்பான். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாலும் கேட்பான். என் ஐம்பத்தேழு வயதில், பிள்ளைகளைத் தவிர, என்னிடம் அப்படிக் கேட்டது அவன் ஒருவன்தான். நான் இரவில் படுத்துக்கொண்டு மறுநாள் எந்தக் கதையை எந்த இடத்தில் நிறுத்துவது என்று யோசித்து வைப்பேன்.

அவன் தேறினான். நாற்பத்து மூன்று என்று ஒரு சீட்டு வந்தது, பிறகு நாற்பத்தெட்டு. ஸ்ரீகுமாரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். சோமன் வண்டியைக் கழுவித் துடைத்து ஸ்டாண்டுக்குப் போனான். மத்தியானம் மட்டும் வருவான், கேப்ஸ்யூல் கலந்த கஞ்சிக்கு. நின்றபடியே குடிப்பான். ஒருநாள் நல்ல கதை ஒன்று வைத்திருந்தேன், பாதி வந்திருக்கும். "மாமி, நாகர்கோவில் பாசஞ்சர் வாற நேரமாக்கும். மிச்சத்த நாளைக்கு செல்லுங்க" என்று தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் அவன் கேட்கவில்லை. மிச்சக் கதையை நான் தட்டைக் கழுவிக்கொண்டே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் கஞ்சியை ஆற்ற மறந்துவிட்டேன். மறந்தேன் என்றே முதல் நாளைக்கு வைத்துக்கொள். பொடி போட்டால் கொதிக்கிற கஞ்சியிலும் அது அதே மாதிரிதான் கரைகிறது. நிறம் மாறாது, வாடை மாறாது. அவன் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, சூடாக இருந்தால் தனி ருசிதான் மாமி என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ஆள் கொஞ்சம் சோர்ந்தால் போதும், வாரத்தில் இரண்டு நாள் ஸ்டாண்டுக்குப் போகாமல் கிடந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மத்தியானக் கஞ்சி மட்டும் போதவில்லை, காலையிலும் ராத்திரியிலும் ஸ்ரீகுமாரி தன் கையால் பழஞ்சோற்றில் கலந்து கொடுத்துவந்தாள், அது வேலை செய்தது. ஆகவே அவளிடம் சொன்னேன், நீ அண்டிக் கறை பிடித்த கையோடு இதையும் ஏன் செய்கிறாய், மூன்று வேளைக்கும் நானே காய்ச்சிக் கலந்து ஃபிளாஸ்கில் ஊற்றித் தருகிறேன் என்று. ஃபிளாஸ்க் பம்பாய்த் தம்பி கொண்டுவந்தது, நல்ல சாமான். காலையில் ஊற்றினால் சாயங்காலம் திறக்கும்போதும் ஆவி பறக்கும். அவள் எவ்வளவு நன்றி சொன்னாள் என்கிறாய்.

மூன்று வேளை, வேளைக்கு இரண்டு கேப்ஸ்யூல். ஒன்றைக்கூட நான் குறைக்கவில்லை, ஒன்றைக்கூடக் குப்பையில் போடவில்லை. டாக்டர் எழுதியபடி எல்லாம் அவன் வயிற்றுக்குள்தான் போயிற்று.

இரண்டு மாதத்தில் அவன் திரும்பவும் இந்தக் கட்டிலில் கிடந்தான். நாற்பத்தொன்று. நான் விட்ட இடத்தில் இருந்து கதையைத் தொடங்கினேன். அவன் "பின்னே?" என்று கேட்டான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்கவில்லை.

மருந்துக்கடைக் கனகதாஸின் கண்ணைத்தான் அது உறுத்தியது. திருவனந்தபுரத்தில் இருந்து அந்தக் கேப்ஸ்யூலை வரவழைத்துத் தருகிறவன் அவன். ஒருநாள் கடை வாசலில் என்னை நிறுத்தி, "மாமி, மருந்து தீருத கணக்கு சரியாட்டு இருக்கு. ஆளு மட்டும் தேயுதான். இதென்ன மாயம்?" என்றான்.

அதற்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "மருந்து நான் குடுக்கேன் மக்கா. அவன் வேற எங்க போறான், என்னத்தக் குடிக்கான்னு நான் என்னத்தக் கண்டேன்" என்றேன். அவ்வளவுதான். அரை வாக்கியம். ஆனால் நம் ஊரைப் பற்றி உனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை நான் போட்ட விதை ஞாயிற்றுக்கிழமை காய்த்துவிட்டது. சோமன் தமிழ்நாட்டு எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குப் போய் பிராந்தி குடிப்பதை ஒருவர் பார்த்திருந்தார். அவன் ஆட்டோ சீட்டுக்கு அடியில் குப்பி உருண்டதை இன்னொருவர் கேட்டிருந்தார். குழாயடியில் இதை எனக்கே வந்து சொன்னார்கள், நான் புதிதாகக் கேட்கிறவள் மாதிரி கேட்டேன். அன்றைக்கு ஒருத்திக்கும் அடுப்பில் பால் இல்லை.

ஸ்ரீகுமாரி நம்பியிருக்கமாட்டாள். ஆனால் தின்றது ஒட்டாமல் உடம்பு தன்னையே தின்னத் தொடங்கினால் மூச்சில் ஒரு வாடை வரும், நீ படித்திருப்பாய். ஒருநாள் விடிகாலை என் கதவைத் தட்டினாள். "மாமி, இவருக்க வாயில வாடை அடிக்கு. பழம் புளிச்ச வாடை. அப்ப ஆளுவ செல்லுதது உள்ளதாக்கும்" என்றாள். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவள் தலையைத் தடவினேன். நெய்யாற்றின்கரை டாக்டருக்கும் சமாதானம் ஆகிவிட்டது. குடியை நிறுத்தாதவனுக்கு இந்த மருந்து என்ன செய்யும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மெடிக்கல் காலேஜுக்குத் திரும்பக் கொண்டுபோகலாம் என்று யாரும் சொல்லவில்லை. காரணம் தெரிந்துவிட்டதே.

மேட மாதம் கழிந்து இடவப்பாதிப் பருவமழை பிடித்தபோது ஸ்ரீகுமாரி காட்டாக்கடையில் தன் அம்மை வீட்டுக்குப் போய்விட்டாள். குடியை விட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். விடுவதற்கு அவனிடம் என்ன இருந்தது?

அன்று சாயங்காலம் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "எனக்க அம்மை மேல சத்தியம் மாமி, நான் தொட்டதில்ல. நீங்களாவது நம்புதியளா?"

"நம்புதேன் மக்கா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. ஊரில் ஒருவரும் நம்பாதபோது அவனை முழுசாக நம்பியவள் நான்தான். அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் ராத்திரியும் இங்கேதான். நான் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. வெந்நீரில் துடைத்துவிடுவேன். சவரம்கூட நானே செய்துவிட்டேன். கதைகள் தீர்ந்துபோய்ப் பழையவற்றையே திருப்பிச் சொன்னேன், அவன் முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டான். கை மணிக்கட்டில் இருந்த கயிறு முழங்கை வரை ஏறி இறங்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆற்றிக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். ஆற்றிக் கொடுத்தால் எழுந்துவிடுவானே என்றும் தோன்றும். ஒருமுறை இரண்டு நாள் ஆற்றிக்கூடக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவன் வண்டிச் சாவி எங்கே என்று கேட்டான்.

கர்க்கடக மாதத்தில், ஆடி மழையில், ஒருநாள் கனகதாஸ் மருந்தை நேரிலேயே கொண்டுவந்தான். கடை அடைப்பு, சும்மா இருக்கிறோமே என்று வந்திருக்கிறான். நான் கஞ்சியை இறக்கி, இதோ இந்த ஸ்டூலில் வைத்து, பொடியைத் தூவிக் கலக்கிக்கொண்டிருந்தேன். ஆவி என் முகத்தில் அடிக்கிறது. அவன் குடையை மடக்கிக்கொண்டே பார்த்தான்.

"மாமி, இத ஆத்திட்டுல்லா போடணும். கொதிக்கதுல போட்டா மருந்துக்க குணம் போயிரும். பெட்டிக்குள்ள இருக்க தாளுல எழுதியிருக்கே."

"அப்பிடியா?" என்றேன். "என்கிட்ட ஆரும் செல்லல்லியே மக்கா. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியுமா?"

கனகதாஸ் நல்லவன், நம்பிவிட்டான். நாம எல்லாரும் பொட்டன்மாராக்கும் என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். நாளைக்கே ஜீப் பிடித்து மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகலாம், நான் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மழையில் இறங்கி ஓடினான்.

சோமன் கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் மட்டும்தான் அவனிடம் மிச்சம் இருந்தது. சத்தம் இல்லாமல் சொன்னான்.

"முந்தி ஆத்தித் தருவியளே மாமி."

காலண்டர் அட்டையை எடுத்து விசிற ஆரம்பித்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி ஆகிற வரை விசிறினேன், வேறு கேப்ஸ்யூல் இரண்டைத் திறந்து தூவினேன், கரண்டியால் ஊட்டினேன். அவன் வாயைத் திறந்தான், விழுங்கினான். கேட்கலாம், திட்டலாம், கனகதாஸைக் கூப்பிடலாம். ஒன்றும் செய்யவில்லை. வேறு யார் இருக்கிறார்கள் அவனுக்கு? நான் அவனுக்குப் பிடித்த கோழிக் கதையைத் தொடங்கினேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். எத்தனை முறை நிறுத்திப் பார்த்தேன் தெரியுமா, அவன் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஜீப் வந்தது. ஆனால் விடியும்போதே நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. ஸ்டாண்டில் இருந்து வந்த இரண்டு ஆட்டோக்காரர்களில் ஒருவனே அவனைத் தூக்கிக்கொண்டு போனான், குழந்தையைத் தூக்குகிற மாதிரி. நெய்யாற்றின்கரை தாண்டவில்லை. போன வருஷம்தான் இது. அவனுக்கு முப்பத்திரண்டு.

ஸ்ரீகுமாரி வந்தாள். என் மேல் விழுந்து, குடிக்காமல் இருந்திருந்தால் இருந்திருப்பாரே மாமி என்று அழுதாள். எனக்கு வாய் வரை வந்தது. ஊர்க்கதை எதையும் ஒரு ராத்திரிகூட அடக்கி வைக்கத் தெரியாதவள் நான். இது ஒன்றை மட்டும் ஒரு வருஷமாக வைத்திருந்தேன். கனகதாஸுக்கு இன்றுவரை தெரியாது. வாசித்துச் சொல்லாதது தன் குற்றம் என்று நினைத்துக்கொண்டு என்னைக் கண்டால் தலையைக் குனிகிறான்.

ஆகவே மகளே, குடி இல்லை. மரச்சீனி எல்லாரையும் போலத்தான். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. அந்த நீர் அவன் உடம்பில் வற்றியது எதனால் என்று எனக்குத் தெரியாது, அதை நீங்கள் கண்டுபிடியுங்கள். வெளியில் இருந்து வந்ததைக் கொன்றது நான். தெரிந்து, வேளைக்கு வேளை, ஒன்றரை வருஷம். போலீஸிடம் சொல்லவேண்டும் என்றால் சொல், ஸ்ரீகுமாரியிடமும் சொல். அவன் குடிகாரன் இல்லை என்று அவளுக்குத் தெரியட்டும்.

ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல். நான் அவனை அனாதையாகப் போட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக்கூடாது. பெண்டாட்டி விட்டுப் போனாள், டாக்டர் கைவிட்டார், ஊர் தூற்றியது. என் வீட்டில் கிடந்த நாளெல்லாம், அவன் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை.